மேற்படி வாசலோர மூட்டை

என் மேலதிகாரி தன்மேல் தானே மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டுக்கொண்டார் என்பதை நான் ஒருமுறை கிராஃப் தாளில் புள்ளி வைத்து நிரூபித்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். வேலை தற்காலிகம், திமிர் நிரந்தரம். இன்றைக்கு லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகள், "மேடம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்கும்போது நான் விருது வாங்கிய கதையைச் சொல்வதில்லை. இதைத்தான் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

1. தறி நிற்கிற நேரம்

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் லேப். லேப் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு அடிபம்பு. கடலையில் பூசணம் பிடித்தால் அந்தப் பூசணம் ஒரு விஷத்தை விடும். அஃப்லாடாக்ஸின் என்று பெயர். அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

கடலையை அரைத்து, குளோரோஃபார்மில் ஊறவைத்து, வடிகட்டி, சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். பிறகு தட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் யூ.வி. விளக்கைப் போட்டால், விஷம் இருந்தால் சொட்டு நீலமாக மினுங்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கத்திவிட்டேன். விஷத்தைப் பார்த்துக் கை தட்டியவள் நான்.

பக்கத்தில் தறி ஓடினால் எங்கள் தராசு முள் நடுங்கும். ஆகவே தறிக்காரர்கள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் எடை போடுவோம். அவர்கள் கை கழுவிவிட்டு வந்து தறியைப் போட்டதும் நாங்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்போம். அந்த லேபில் நான் சூடாகச் சோறு தின்றதே கிடையாது.

என் மேலதிகாரி ஜெபராஜ் சார். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் நம்மூர்ப் பக்கம். பேச்சு அப்படியே அவர் அம்மா பேச்சு, நடு நடுவே மட்டும் ஒரு "அரே" வந்து விழும். தட்டில் சொட்டு வைக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். விளக்கைப் போடுமுன் கண்ணை மூடிக்கொண்டு, "நீலம் வரக்கூடாது, நீலம் வரக்கூடாது" என்பார். விவசாயி கடலை நன்றாக இருக்க வேண்டுமே என்று அவருக்கு அவ்வளவு கவலை.

2. மூன்று கடுதாசி

ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கனமான கவர் வந்தது. உள்ளே மூன்று கடுதாசிகளின் நகல். கையெழுத்து இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. மேலே இணைத்த தாளில் மூன்றின் சாரத்தையும் ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்கள். ஒரே பல்லவி: சங்கரன்கோவில் பரிசோதனை நிலையத்தில் ஆள் பார்த்து விளக்குப் போடுகிறார்கள். ஒரே கடலைக்கு முதலில் விஷம் என்றார்கள். சத்தம் போட்டதும் விஷம் இல்லை என்றார்கள். அதற்குள் வியாபாரி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

யார் எழுதியது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. மழைக் காலத்தில் இரண்டாம் டெஸ்ட் கேட்டு வருகிறவர்கள் நிறைய. முதல் டெஸ்டில் விஷம் என்று வந்தால் வீட்டில் உட்கார்ந்து கெட்ட பருப்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி கொண்டு வருவார்கள். ரிசல்ட் மாறத்தானே செய்யும்?

கவரில் இன்னொரு தாளும் இருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வருகிறார். குற்றச்சாட்டு நிஜமானால் சாருக்கு ஊர் மாற்றல், லேபுக்குப் பூட்டு. பூட்டு விழுந்தால் என் தற்காலிகமும் போச்சு.

சார் முகம் வெளுத்துவிட்டது. "ஆள் பாத்து விளக்கு போடுதேனா? நானா? எனக்கு இந்த ஊர்ல ஆளே தெரியாதே பேச்சி!"

கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே நடந்தார். திடீரென்று நின்று, மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையை எடுத்தார். பெயரில்லாத எழுத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்கிற வித்தை ஒன்று அதில் இருந்தது. எழுதுகிறவன் விஷயத்தை மாற்றலாம், கையெழுத்தை மாற்றலாம். ஆனால் தன்னை அறியாமல் போடுகிற சின்னச் சின்னச் சொற்களை மாற்ற முடியாது. அதை எண்ணினால் ஆள் அகப்படுவான்.

"பூசணம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா தட்டுல ஏத்துனா மினுங்குதுல்லா? அதே மாதிரி இந்தக் கடுதாசியையும் ஏத்திப் பாப்போம்" என்றார் சார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விஞ்ஞானியும் நானே, துப்பறிகிறவளும் நானே! அன்றைக்கே கடைக்குப் போய் நாலு வண்ணப் பென்சில் வாங்கிவிட்டேன்.

3. புள்ளி மேல் புள்ளி

செவ்வாய்க்கிழமை முழுக்க எண்ணினேன். "மேற்படி" எத்தனை, "ஆகவே" எத்தனை, "மாத்திரம்" எத்தனை, ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல். எல்லாவற்றையும் கிராஃப் தாளில் புள்ளியாக வைத்தேன். மூன்றாவது கடுதாசியில் ஒரே வாக்கியத்தில் நாலு "மேற்படி" இருந்தது. அதற்குச் சிவப்புப் பென்சிலால் நட்சத்திரம் போட்டேன். மூன்று கடுதாசியின் புள்ளிகளும் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தன. ஒரே ஆள் எழுதியதுதான்.

இனி ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடுதாசிகள் வேண்டும். எழுந்து கையை நீட்டினால் எட்டுகிற அலமாரியில் தமிழ்க் கடுதாசி ஃபைல் இருந்தது. பழகிப் பார்ப்பதற்காக மேலாக இருந்த ஒன்றை எடுத்தேன். ஜெபராஜ் சார் பல்வலிக்கு லீவு கேட்டு எழுதியது.

எண்ணினேன். புள்ளி வைத்தேன். புள்ளி நேராகப் போய் மொட்டைக் கடுதாசிகளின் நடுவில் உட்கார்ந்தது.

இன்னொருமுறை எண்ணினேன். அதே இடம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனுஷன் தன் மேலேயே ஏன் எழுத வேண்டும்? யோசிக்க யோசிக்கக் காரணம் ஊற்றெடுத்தது. இந்த ஊர் வெயில் தாங்கவில்லை என்று தினமும் புலம்புகிறவர். மாற்றல் கேட்டால் தர மாட்டார்கள், குற்றச்சாட்டு வந்தால் தானாகவே தூக்கிப் போடுவார்கள். அடேயப்பா, என்ன மூளை! சாது மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு சொட்டு வைத்ததெல்லாம் நடிப்பா? வாசுதேவநல்லூரில் இறங்க வேண்டியவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

புதன்கிழமை காலை அவர் என்ன செய்தாலும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. டீ ஆற்றினார், சந்தேகம். ஜன்னலைத் திறந்தார், சந்தேகம். பதினொரு மணிக்கு என்னால் முடியவில்லை. கிராஃப் தாளை அவர் முன்னால் விரித்தேன்.

"சார், சொல்லுதேன்னு கோவப்படாதீங்க. நீங்களே எழுதிப் போட்டுட்டு என்னைய ஏன் எண்ண விட்டீங்க?"

"என்னத்த எழுதுனேன்?"

"மொட்டைக் கடுதாசி."

சார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"அரே பேச்சி, எனக்குத் தமிழே எழுத வராதே! வெக்கத்துல யார்ட்டயும் சொல்லல. பேசத்தான் அம்மா சொல்லித் தந்தா. அந்த லீவு லெட்டர் நான் எழுதல, ஆள வச்சு எழுதுனது. அத வாசிக்கக்கூடத் தெரியாம கையெழுத்துப் போட்டேன்."

4. பதினான்கு பேரும் ஒருவர்

லீவு லெட்டரை நான் உரக்க வாசித்துக் காட்டினேன். "மேற்படி நிலையத்தில் பணிபுரியும் வாயில்லாப் பூச்சியாகிய எனக்கு மேற்படி வாயில் பல்வலி ஏற்பட்டிருப்பதால்..."

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. சார் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"சரி, உன் அப்ளிகேஷனை எடு, அதையும் ஏத்து" என்றார்.

எடுத்தேன். நான் வேலைக்கு விண்ணப்பித்த கடுதாசி. எண்ணினேன். புள்ளி அதே கொத்தில்! அப்படியானால் மொட்டைக் கடுதாசி எழுதியது நானுமா? அதிலும் வாயில்லாப் பூச்சி. "வாயில்லாப் பூச்சியாகிய எனக்கு மேற்படி வேலையைத் தந்து ரட்சிக்க வேண்டுமாய்..." என் வாயைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஃபைலில் இருந்த பதினான்கு கடுதாசியையும் ஏற்றினோம். வாட்ச்மேன் குடை கேட்டது, வியாபாரி ரிசல்ட் கேட்டது, பம்பு ரிப்பேர்க்காரர் எழுதியது. பதினான்கு புள்ளியும் ஒரே கொத்து. சங்கரன்கோவில் வட்டாரத்தில் மொத்தமே ஒரு ஆள்தான் வாழ்கிறான் என்று எங்கள் ஆராய்ச்சி சொன்னது. டீ டம்ளர் சரிந்து கிராஃப் தாள் நனைந்தது, நாங்கள் சிரித்துக்கொண்டே துடைத்தோம். தறிக்காரர்கள் சாப்பிடப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள், அன்றைக்கு ஒரு சாம்பிளும் எடை போடவில்லை.

"உனக்கு யாரு எழுதித் தந்தது?" என்றார் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தாலுகா ஆபீஸ் வாசல்ல, ஆவுடையப்பன் அண்ணாச்சி."

"எனக்கும் அவருதான்!"

5. சொல்லைத் தள்ளிவிட்டு

ஆவுடையப்பன் அண்ணாச்சி மனு எழுதுகிறவர். வேப்பமரத்தடியில் ஒரு மரப்பெட்டி, ஒரு மைப்புட்டி, காதில் ஒரு பேனா. அன்று மாலையே போய் மூன்று நகலையும் காட்டினோம். மனுஷன் கொஞ்சமாவது பதற வேண்டாமா? மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசித்துப் படித்தார்.

"நாந்தான் எழுதுனேன். இந்த மூணாவது இருக்குல்லா சார், நல்லா விழுந்திருக்கு."

"அண்ணாச்சி, என் வேலைக்கே உலை வச்சிருக்கீங்களே!" என்றார் சார்.

"நான் எங்கன வச்சேன்? ஆளு வந்து அழுதாக, எழுதிக் குடுத்தேன். நாளைக்கு நீங்க வந்து அழுதா உங்களுக்கும் எழுதித் தாரேன்."

"யாருன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"அது மட்டும் கேக்காதட்டி. சொல்லிட்டா நாளைக்கு ஒருத்தன் இந்தப் பெட்டி முன்னால வந்து உக்காருவானா?" கடுதாசியை மடித்து என் கையில் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. நீங்க எண்ணுனது பூரா என் சொல்லு. வயித்தெரிச்சல் அவுகளுது. என் சொல்லத் தள்ளிட்டுப் படிச்சுப் பாருங்க."

சார் கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்று மூன்றாவது கடுதாசியைப் பிரித்தேன். நான் சிவப்பு நட்சத்திரம் போட்ட வாக்கியம். "மேற்படி நிலையத்தின் மேற்படி பெண் உதவியாளர் மேற்படி பன்னிரண்டு மூட்டைகளில் மேற்படி வாசலோர மூட்டையில் மாத்திரம் ஊசி போட்டு மாதிரி எடுத்துச் சென்றார்."

நாலு மேற்படியையும் தள்ளினேன். தள்ளியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண் உதவியாளர் நான். மூட்டை கரிவலம்வந்தநல்லூர் மாடத்தி அக்காவுடையது. முந்தின மாதம் நான் தனியாகப் போய் மாதிரி எடுத்து வந்த வீடு. பன்னிரண்டு மூட்டை, ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டுக் கூரை வரைக்கும் அடுக்கி இருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் குழாய் மாதிரி இருக்கிற ஊசியைக் குத்தி உள்ளிருந்து கடலை எடுத்துக் கலக்க வேண்டும், அதுதான் முறை. அன்றைக்கு நான் கட்டியிருந்தது முதல் சம்பளத்தில் வாங்கிய மாம்பழக் கலர் புடவை. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது, அதை விட்டால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். வாசலோரத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு மூட்டை சாய்ந்திருந்தது. அதில் நாலு குத்துக் குத்தி, பை நிறையக் கடலை எடுத்து, சீட்டில் "12 மூட்டையிலிருந்தும்" என்று எழுதிவிட்டு ஓடினேன்.

வாசலோர மூட்டையில் மழைச் சாரல் அடிக்கும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கடலை நீலமாக மினுங்கியது. பிறகு மாடத்தி அக்கா வந்து சத்தம் போட்டதால் சாரே போய் மேல் மூட்டைகளில் எடுத்து வந்தார். மினுங்கவில்லை. விளக்கு இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னது என் சீட்டு.

அந்த வாக்கியத்தை ஒரு நாள் முழுக்க என் கையில் வைத்திருந்தேன். எண்ணினேனே தவிர படிக்கவில்லை. ஒப்பிடவும், எழுந்து தேடாமல் கைக்கு எட்டிய ஃபைலைத்தான் எடுத்தேன். கடலையில் செய்த அதே காரியத்தைக் கடுதாசியிலும் செய்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேப்பமரத்தை உதைத்தேன். கால்தான் வலித்தது.

6. நாலு தாள் கிழித்தேன்

வியாழக்கிழமை காலை சாரிடம் சொன்னேன். அவர் பழைய சீட்டை எடுத்து வந்து நிதானமாகப் பார்த்தார்.

"பன்னிரண்டுன்னு போட்டிருக்கியே பேச்சி."

"போட்டேன் சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நாளைக்கு வார அதிகாரி கேட்டா, கடலை அப்படித்தான், ஒரே சரக்குல முன்ன பின்ன இருக்கும்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ எதும் சொல்லாத. சொன்னா உன் வேலை போயிரும்" என்றார்.

"நீங்க அப்படிச் சொன்னா, அக்கா எழுதுனது பொய்னு ஆயிருமே சார்."

அவர் சீட்டை மடித்து டிராயரில் வைத்தார். நான் மத்தியானம் தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போனேன். விவரம் கேட்டதும் அண்ணாச்சி உற்சாகமாகப் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். "உக்காருட்டி. படிக்கவன் கண்ணுல தண்ணி வந்திரும், அப்படி எழுதித் தாரேன்."

அவர் பேனாவைத் திறந்து தாளில் "மேற்படி" என்று தொடங்கியதும் நான் எழுந்துவிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. இத நானே எழுதுதேன்."

"நீயா?" என்றார், நான் கிணற்றில் குதிக்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கடுதாசி எழுதிப் பழகாத கை. முதல் தாள் "மேற்படி" என்று ஆரம்பித்தது, கிழித்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வாயில்லாப் பூச்சி வந்து உட்கார்ந்தது. நாலாவது தாளில் "ஆகவே" என்று தொடங்கிவிட்டு, எதற்கு ஆகவே என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாவது தாளில் இப்படி எழுதினேன்:

"ஐயா, மாடத்தியின் பன்னிரண்டு மூட்டையில் நான் ஒன்றில்தான் மாதிரி எடுத்தேன். பஸ் போய்விடும் என்று அவசரம். மேலே ஏறினால் புதுப் புடவை அழுக்காகும் என்று கவலை. சீட்டில் பன்னிரண்டு என்று பொய் எழுதினேன். ஜெபராஜ் சாருக்கு இது தெரியாது. தப்பு என்னுடையது. பேச்சியம்மாள்."

7. ஏறு

வெள்ளிக்கிழமை வந்த விசாரணை அதிகாரி ஒல்லியாக, உயரமாக, சோடா குடித்துக்கொண்டே இருந்தார். சார் வாயைத் திறக்குமுன் நான் கடுதாசியை நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். எனக்குத் தறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இந்தப் பக்கத்துலேருந்து எனக்கு வந்த கடுதாசியிலேயே 'மேற்படி' இல்லாதது இது ஒண்ணுதாம்மா" என்றார். "புடவை அழுக்காகும்னு எழுதியிருக்கியே, அது நெசமா?"

"நெசம் சார். மாம்பழக் கலர்."

அவர் சோடாவைக் கீழே வைத்தார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "ஊசியை எடுத்துக்கிட்டு ஜீப்ல ஏறு" என்றார்.

கரிவலம்வந்தநல்லூரில் மாடத்தி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மூட்டைகள் விற்காமல் அப்படியே இருந்தன.

"ஏட்டி, அன்னைக்கு ஒத்த மூட்டையக் குத்திட்டு ஓடுனவ நீதான?"

"நாந்தான் அக்கா."

"இன்னைக்கும் பஸ் வந்திருமா?"

"வந்தாலும் போக மாட்டேன்."

"அப்ப ஏறு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அதே மாம்பழக் கலர் புடவை, வேண்டுமென்றே கட்டி வந்தது. பன்னிரண்டு மூட்டையிலும் தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, எண் எழுதினேன். உச்சியில் ஓடு தலையில் இடித்தது. கீழே அதிகாரி, சார், அக்கா மூன்று பேரும் அண்ணாந்து நின்று, "ஏழு ஆச்சா? எட்டு ஆச்சா?" என்று சேர்ந்து எண்ணினார்கள். இறங்கும்போது என் புடவை எந்தக் கலர் என்று சொல்ல முடியாது. அக்கா ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "பாவம், நல்ல சேலை" என்றார்.

சனிக்கிழமை பன்னிரண்டு சொட்டும் ஒரே தட்டில் ஏறின. இருட்டறையில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். சார் கண்ணை மூடிக்கொண்டு விளக்கைப் போட்டார். ஒரே ஒரு சொட்டு நீலமாக மினுங்கியது. பதினொன்று இருட்டாகவே இருந்தன. அந்தப் பதினோரு இருட்டைப் பார்த்து அக்கா, "எங்க, ஒண்ணுமே தெரியல?" என்று பதறினார். "ஒண்ணும் தெரியலன்னாதான் அக்கா நல்லது!" என்று நானும் சாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

வாசலோர மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மற்ற பதினொன்றும் அடுத்த வாரமே லாரியில் ஏறின. சார் அதே நாற்காலியில் இருந்தார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது, வேலை போகவில்லை. அந்த எச்சரிக்கையை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிள்ளைகளே, மூட்டையானாலும் தாளானாலும் கைக்கு எட்டியதை எடுத்துவிட்டு அதை மாதிரி என்று சொல்லாதீர்கள். மெஷின் என்ன சொல்லுகிறது என்று கேட்பதற்கு முன்னால், அதற்குள் போட்டதை எங்கிருந்து எடுத்தோம் என்று கேளுங்கள். மற்றதையெல்லாம் உங்கள் மெஷின் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும்.

பதினைந்து நாள் கழித்து லேபுக்கு ஒரு கடுதாசி வந்தது. இந்தமுறை அடியில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, பக்கத்தில் மை தோய்ந்த ஒரு கட்டைவிரல் ரேகையும் இருந்தது. சாருக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

"வாயில்லாப் பூச்சியாகிய மாடத்தி எழுதிக்கொண்டது. மேற்படி நிலையத்தின் மேற்படி பெண் உதவியாளர் மேற்படி பன்னிரண்டு மூட்டைகள் மீதும் மேற்படி புடவையுடன் ஏறினார் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்."

சார் சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்தக் கடுதாசியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தேன்.